யானை இடித்த வீடு

எங்கள் மண் வீட்டை யானை இடித்தது என்றுதான் ஊரில் இன்றைக்கும் பேச்சு. என் பிள்ளைகளும் அப்படித்தான் நம்புகிறார்கள். யானையும் வரவில்லை, குதிரையும் வரவில்லை. இடித்தவன் நான்.

யுத்த அகதி முகாமிலிருந்து, வாவியின் மேற்குக் கரையில் இருக்கும் படுவான்கரைக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு வளவில் மிஞ்சியிருந்தது கிணறு மட்டும்தான். மனைவிக்கு அப்போது ஆறு மாதம். தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே அவளைப் பிள்ளைபெற விட எனக்கு மனம் வரவில்லை. மண் எங்கும் கிடந்தது, கம்பு காட்டில் நின்றது. ஆள்தான் இல்லை.

எங்கள் பக்கத்து மண் சுவர் தனி ஆளுக்கு எழும்பாது. கம்பு நட்டு, இரண்டு பக்கமும் குறுக்கே வரிச்சுத் தடி கட்டி, புற்று மண்ணை வைக்கோலோடு மிதித்து ஒரு நாள் ஊறவிட்டு, உருண்டை உருண்டையாக அறைய வேண்டும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். இருவரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அறைந்தால்தான் இரண்டு உருண்டையும் நடுவில் ஒன்றை ஒன்று பிடிக்கும். ஒருவர் பிந்தினால் மற்றவர் அறைந்த மண் பொத்தென்று அந்தப் பக்கம் விழுந்துவிடும்.

எனக்கு வெளியே நின்று அறைந்தது பக்கத்து வளவு அக்கா. சொந்தமில்லை. களுதாவளைப் பக்கம் கடற்கரையில் கல்வீட்டில் வாழ்ந்தவர். சுனாமி புருஷனையும் வீட்டையும் ஒன்றாகக் கொண்டுபோன பிறகு, தமக்கையின் வளவில் ஒரு துண்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தார். கடலடித்த வீடுகளுக்குப் பதிவு நடந்த நேரம் அவர் ஆசுபத்திரியில் கிடந்ததால் பெயர் விட்டுப்போயிற்று. அதைப் பற்றி ஒரு நாளும் மூக்கால் அழுதவரில்லை. வாய் மட்டும் ஓயாது. "பலமா அறை மனே, சுவருக்கு நோகாது" என்று வெளியிலிருந்து குரல் வரும். "தடவிக் குடுக்கிறியா, அறையிறியா?"

என் வீடு முடிந்ததும் அக்காவின் வீட்டுக்கு நான் உள்ளே நின்று அறைந்தேன். என் மூத்தவள் அந்த மண் வீட்டில்தான் தவழ்ந்தாள்.

யுத்தம் முடிந்த கையோடு, வீடில்லாதவர்களுக்குக் கல்வீட்டுத் திட்டம் வந்தது. அரசாங்கக் கந்தோரில் வேலை செய்யும், எனக்குப் பழக்கமான ஒருவர், பார்க்க வரப்போகிறார்கள் என்று சொன்னதோடு காதோடு காதாக இன்னொன்றும் சொன்னார். "சுவர் நிண்டா வீடு இரிக்கி எண்டுதான் எழுதுவாங்க. மண்ணா கல்லா எண்டு பாக்கமாட்டாங்க. உங்கட ஊருக்குக் கொஞ்ச வீடுதான் வருது, பாத்துக்கங்க."

படுவான்கரையில் நெல் மணத்துக்கு யானை வந்து மண் வீட்டை இடிப்பது புதினமில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர முன்பே எனக்கு யோசனை வந்துவிட்டது. மனைவியிடம் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள்.

அக்காவுக்குச் சொல்வோமா என்று யோசிக்காமல் இல்லை. ஒரு யானை ஒரு வீட்டை இடித்தால் நம்புவார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வீடு என்றால் யார் நம்புவார்? அந்த நியாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அன்று பின்னேரம் அக்கா தன் முன் சுவருக்குச் சாணி மெழுகிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் சாணி.

"நாளைக்குப் பாக்க வாறாங்களாம் மனே. கண்ணுக்கு வடிவா இரிக்கட்டும்" என்றார்.

"நல்லாரிக்கி கா" என்றேன். வேலியடியில் நின்று, சிரித்துக்கொண்டு சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

விடியப்புறம் அலவாங்கை எடுத்துச் சுவரைக் குத்தி நெம்பினேன். நல்ல சுவர், இலேசில் விழவில்லை. விழுந்த கட்டிகளில் ஒரு பக்கம் என் விரல் அடையாளம், மறுபக்கம் அக்காவின் விரல் அடையாளம். அதைக் கண்டும் நான் நிறுத்தவில்லை. நெல் மூட்டை ஒன்றைக் கிழித்துச் சிதறினேன். கடைசியில் உரலைத் தூக்கிக் கிணற்றடி ஈர மண்ணில் குத்திக் குத்தி யானைக் கால் தடம் பதித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட என்னைவிடக் கெட்டிக்காரன்.

வெளிச்சம் வந்ததும் முதல் ஆளாக ஓடி வந்தது அக்காதான். இடிந்த சுவரைப் பார்த்தார். கிணற்றடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யானை கா" என்றேன்.

"ஓம், யானைதான்" என்று சொல்லிவிட்டு, குனிந்து சிதறிய நெல்லை அள்ளத் தொடங்கினார்.

வீடு பார்க்கப் பட்டணத்திலிருந்து வந்தவள் சின்ன வயதுப் பிள்ளை. கையில் படிவங்கள் அடுக்கிய கோவை வைத்திருந்தாள். தடங்களைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "யானை வந்ததை ஆராவது கண்டீங்களா?"

நான் குனிந்து நெல்லை அள்ளினேன்.

"நான் சத்தம் கேட்டன் பிள்ளை" என்றார் அக்கா. "வெளியில வரப் பயத்தில பாயில கிடந்து நடுங்கினன். பாவம், புள்ளக்காரப் பொடியன். இவனுக்கு எழுதிக்கங்க."

அவள் எழுதினாள். பிறகு அக்காவின் வளவுக்குப் போய் மெழுகிய சுவரைத் தொட்டுப் பார்த்து, "வடிவான வீடு அம்மா" என்றாள். வீடு உண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போனாள். அப்போதும் நான் வாய் திறந்திருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு வெட்கம் வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

கல்வீடு முடிந்து குடிபூந்த அன்று அக்காவும் வந்தார். ஒரு சுளகு நிறையப் பச்சையரிசி கொண்டுவந்தார். சாமியறையைப் பார்த்தார், யன்னலைத் திறந்து பூட்டிப் பார்த்தார். எல்லோரும் பந்திக்குப் போன நேரம் என் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அலவாங்குச் சத்தம் எனக்குக் கேட்டது மனே. எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானும் இடிச்சிருப்பனே."

ஒரு யானை, இரண்டு வீடு என்ற என் நியாயம் தொண்டை வரைக்கும் வந்தது. அதை அந்த முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. மன்னிப்பும் கேட்க வரவில்லை.

"சாப்பிட்டுப் போங்க கா" என்றேன்.

அக்கா சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.