ட்ரிப் ஓடும்போது எடுத்த ரத்தம்

முத்தையாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது பிரஷர் எழுபதுக்கு மேல் ஏறவில்லை. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் ட்யூட்டி டாக்டராகச் சேர்ந்து அப்போது இரண்டாவது மாதம். அவர் மேலநீலிதநல்லூர் பக்கம் ஆடு மேய்ப்பவர். சிறுநீரகத்தில் கிருமி பிடித்து ரத்தத்திலும் பரவியிருந்தது. ஆன்டிபயாடிக் போட்டோம். பிரஷரைத் தூக்க நார்அட்ரினலின் ட்ரிப் ஓடியது.

சிறுநீரகத்துக்காக எடுத்த ஸ்கேனில், அதற்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. அது ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்க, அன்றைக்கே ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினேன். யாரும் சொல்லவில்லை, நானாக அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ட்ரிப்பை நிறுத்தியிருந்தோம்; மனைவி செல்லத்தாயி பக்கத்தில் இருக்க, அவர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டி சுரந்தால் ரத்தத்தில் கூடும் நார்மெட்டானெஃப்ரின், இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கு என்று தடித்த கருப்பு எழுத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் எழுத்து வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அச்சில் வந்த தாளைச் சந்தேகப்பட எனக்குப் பழக்கமில்லை. பெரிய டாக்டர் வரும்வரை பொறுக்காமல் கட்டிலருகே போய்ச் சொன்னேன்.

“உள்ள ஒரு கட்டி இருக்கு. அது ஹார்மோனைக் கூடுதலாச் சுரக்குது. ஆபரேஷன் பண்ண வேண்டி வரும்.”

“கட்டியா?” என்று தம்ளரைக் கீழே வைத்தார் முத்தையா. “எங்கண்ணனையும் இப்படித்தான் கட்டின்னு அறுத்தாவ. பொட்டணமாத்தான் வந்தான். ஏட்டி செல்லத்தாயி, துணிய எடு. எந் தொழுவத்தப் பாத்துட்டுச் சாவுதேன்.”

காய்ச்சல் மருந்து இன்னும் ஒரு வாரம் ஏற வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். காதில் விழவில்லை. சொந்தப் பொறுப்பில் போவதாக எழுதிய தாளை நான் வாசிக்க, செல்லத்தாயி கைநாட்டு வைத்தார். எங்கள் அம்மாவும் அப்படித்தான் வைப்பாள். ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

சாயந்திரம் பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டில் இருந்த ரிப்போர்ட் நகலைப் பார்த்தார். “ஏலே, ரத்தம் எடுக்கையில என்ன ட்ரிப் ஓடிச்சு?”

“நார்அட்ரினலின், சார்.”

“அது உடம்புக்குள்ள போயி என்னவா மாறும்?”

நகலில் நார்மெட்டானெஃப்ரின் என்ற பெயரின்மேல் அவரே விரலை வைத்தார்.

“நீ ஏத்துனதத்தாம்ல நீயே கண்டுபிடிச்சிருக்க. ட்ரிப் இல்லாட்டியும், சாகக் கிடக்குத உடம்பு அதச் சுரக்கத்தான் செய்யும். சும்மா கிடக்குத கட்டியாக்கூட இருக்கலாம். போன் போட்டு அவரத் திரும்ப வரச் சொல்லு.”

போட்டேன். “அவுக வரமாட்டேங்காவ டாக்டரு. ‘அறுக்கதுக்குத்தான கூப்பிடுதான்’ங்காவ” என்றார் செல்லத்தாயி. அறுக்க வேண்டாம், காய்ச்சலுக்கு மட்டும் வாங்க என்றேன். மறுநாளும் கூப்பிட்டேன். அதற்கு மறுநாள் மகன்தான் எடுத்தான். மறுபடி காய்ச்சல் ஏறி, விடியுமுன் போய்விட்டாராம்.

பதினாறு கழிந்து தாயும் மகனும் வந்தார்கள். அதே ரிப்போர்ட் மகன் கையில் நாலாக மடிந்திருந்தது. “அப்பாவக் கொன்ன கட்டி எனக்கும் வருமா சார்? டெஸ்ட் எடுத்துருங்க.”

ஆமாம் என்று ஒரு டெஸ்ட் எழுதி அனுப்பியிருக்கலாம். முடியவில்லை. “கட்டியால சாகல தம்பி. காய்ச்சல்தான். இந்த ரிப்போர்ட்ட நம்பிச் சொன்னது என் தப்பு” என்றேன்.

செல்லத்தாயி மகன் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கி மேசையில் வைத்தார். “அப்ப நாங்க கூட்டிட்டுப் போயிருக்க வேண்டாம்லா?”

புதிதாக ட்யூட்டிக்கு வரும் தம்பிகளுக்கு இதைத்தான் சொல்லுவேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் ஹார்மோன் அளவை, நடமாடும் ஆளுக்குப் போட்ட கணக்கோடு ஒப்பிடாதே. அவசரமில்லாவிட்டால் அவர் தேறி வீட்டுக்குப் போய், சில வாரம் கழித்து எடு. அப்போதே எடுத்தாக வேண்டுமென்றால் என்ன மருந்து ஓடுகிறது என்று சீட்டில் எழுது. பெரியவரைக் கேட்காமல் கட்டிலருகே வாயைத் திறக்காதே.

அந்த ரிப்போர்ட்டை அவர்கள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். என்னிடம்தான் இருக்கிறது. மடிப்பில் தாள் கிழிய ஆரம்பித்துவிட்டது. தடித்த எழுத்து மட்டும் மங்கவில்லை.