சும்மா இருக்கும் டூட்டி

பேசிக்கொண்டே அக்கா என் கைக்குட்டையை மடிக்கிறார். நான் கொடுக்கவில்லை. நாற்காலியில் கிடந்தது, எடுத்துக்கொண்டார். இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து, ஓரத்தை நகத்தால் ஓர் இழுப்பு இழுத்து என் மடியில் வைக்கிறார். பேருந்துச் சீட்டு, மருந்துக்கடை பில், தன் கணவர் பாதி படித்த செய்தித்தாள், எது அகப்பட்டாலும் இதே கதிதான். "கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க, நான் என்ன பண்ண?" என்பார்.

எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் கீழ்வீடு. விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் லாண்டரி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறார். ஊருக்கே மடிப்பக்கா. நான் அவரைவிட நான்கு வயது மூத்தவள், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அந்த முகத்துக்கு வேறு முறை வாயில் வரவில்லை.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் இருவரும் முகத்துக்கு முகம் நெருங்கி வந்து மூலையைக் கொடுத்து வாங்குவார்கள். அக்காவுக்கு எதிரே நிற்பவள் ஏழு மாதக் கர்ப்பிணி. போன மாதம் அக்காவுக்கு இருமல் வந்து விடாமல் பிடித்துக்கொண்டபோது, மருத்துவர் தொற்றுநோயா என்று பார்க்கச் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுச் சொன்னார்: முடிவு வர ஐந்து நாளாகும், அதுவரை வேலைக்குப் போகக் கூடாது.

அக்காவுக்கு நாள் கூலி. "அஞ்சு நாள் நான் படுத்தா அடுப்பும் கூடவே படுத்துக்கும்" என்று அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நல்லவேளை, மருத்துவரே ஒரு படிவத்தைக் கையில் கொடுத்திருந்தார். பரிசோதனை முடிவுக்காக வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அந்த நாட்களின் கூலியை அரசாங்கமே தருகிறதாம். நான் நிரப்பித் தருகிறேன் என்றேன். "எனக்கும் எழுத்து தெரியும்" என்று பிடுங்கிக்கொண்டு போய், அன்று மாலையே கணவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை படிவம் போன அரசு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, 'காத்திருக்கும் நாட்களில் செய்த வேலை'ன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதியிருக்கீங்க?" ஓர் இளம்பெண்ணின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"உள்ளதத்தான் எழுதினேன். அலமாரித் துணி பூரா மடிச்சேன். ஜன்னல் ரெண்டு தொடச்சேன். ஃபேன் கழுவினேன். இடம் பத்தல, இல்லன்னா இன்னும் எழுதியிருப்பேன்."

"வேலை செஞ்சா பணம் கிடையாதும்மா!"

"இதென்ன கூத்து! வேலை செஞ்சாத்தானேம்மா பணம்?"

"அது வீட்டு வேலைம்மா. அதெல்லாம் வேலையில வராது."

"வராதா? அப்ப நீ வந்து ஃபேன கழுவிட்டுப் போ கண்ணு."

அந்தப் பெண் கெஞ்சினாள். "'சும்மா இருக்கிறேன்'னு ஒரு வரி எழுதி அனுப்புங்கம்மா. இன்னைக்கே பாஸ் பண்ணிடறேன்."

போனை வைத்துவிட்டு அக்கா பொருமினார். "பொறந்ததிலேருந்து நான் சும்மா இருந்ததில்ல. பொய் எழுதி வாங்கச் சொல்றா. வேணாம், நாளைக்கு மாஸ்க்க மாட்டிக்கிட்டு வேலைக்கே போயிடறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போங்க! போய் அந்தப் பிள்ளத்தாச்சிப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா இருமுங்க!" என்று கத்திவிட்டேன்.

அக்கா கையிலிருந்த தபால் உறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு பேனா கேட்டார். 'இன்று முதல் சும்மா இருக்கிறேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். "எழுதிட்டேன்ல. இனி இருந்துதான் ஆகணும்."

இருந்தார். எப்படி இருந்தார் என்பதுதான் வேடிக்கை. லாண்டரியில் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வேலை. அதே எட்டு மணிக்குக் குளித்து, தலைவாரி, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் மடியில். பத்தரைக்குத் தேநீருக்குப் பத்து நிமிடம். ஒன்று முதல் ஒன்றரை வரை உணவு இடைவேளை; அந்த அரை மணியில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கி, துணி மடித்து, மூச்சு வாங்க ஓடிவந்து ஒன்றரைக்கு மறுபடி உட்கார்ந்துவிட்டார். எட்டிப் பார்த்த என்னை, "டூட்டியில இருக்கேன், அப்புறம் வாங்க" என்று விரட்டினார். "விரிப்பு மடிக்கிறது எவ்வளவோ தேவலாம். இதுல இடுப்பு ஒடியுது" என்றார் நான்காம் நாள்.

ஐந்தாம் நாள் மூன்று மணிக்கு முடிவு வந்தது. நோய் ஒன்றுமில்லை, நாளை வேலைக்குப் போகலாம். செய்தியைப் படித்துச் சொன்ன எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேருந்து ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த கணவர், தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "அப்பாடா! எழுந்து ஒரு காபி போடேன்" என்றார்.

"மூணு மணிதான் ஆகுது. ஆறு மணி வரைக்கும் கூலி வாங்கியிருக்கேன். நீங்க போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே துண்டைப் பக்கத்து நாற்காலியில் சுருட்டி எறிந்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அக்கா அந்தத் துண்டைப் பார்த்தார். வலது கை மடியைவிட்டு மெல்லக் கிளம்பி, நாற்காலியின் விளிம்புவரை போனது. கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.