பேக்கர் என்றால் ரொட்டி சுடுபவர்

எங்கள் குடும்பப் பெயர் பேக்கர். கேட்டால் சிரிப்பீர்கள். நாங்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள், சொட்டு வெள்ளைக்கார ரத்தம் கிடையாது. அந்தக் காலத்தில் அங்கே மிஷன் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு, கடல் கடந்து படிப்புச் செலவு அனுப்புகிறவரின் பெயரையே சூட்டிவிடுவார்கள். தாத்தாவுக்கு அப்படி ஒட்டிய பெயர் அப்பாவோடு சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது.

அப்பா அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆங்கிலப் பெயர்களின் பூர்வீகத்தைத் தோண்டுவதில் அவருக்கு ஒரு பைத்தியம். பேக்கர் என்றால் ரொட்டி சுடுபவர்; ஊருக்கு ஊர் ரொட்டி சுட ஆள் வேண்டியிருந்ததால் இங்கிலாந்து முழுக்க அந்தப் பெயர் பரவியது என்பார். சிராங்கூன் சாலையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா அவருடைய பள்ளித் தோழர். அவருக்கும் மிஷன் பெயர்தான். அது இங்கிலாந்தில் ஒரு சின்ன கிராமத்தின் பெயர் என்று அப்பா கண்டுபிடித்துச் சொன்னபோது, அங்கே நிலம் வாங்கியவர்போல மாமா மகிழ்ந்தார்.

ஜப்பான்காரன் வந்ததும், ஆங்கிலப் பெயர் உள்ளவர்கள் குடும்பத்தோடு பாடாங் திடலுக்கு வந்து பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டான். வெள்ளைக்கார வம்சம் என்று முடிவானால் சிறை முகாம். அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். மாமி நிறைமாதம் என்பதால் மாமா மட்டும் எங்களோடு வந்தார்.

மேசையில் ஓர் அதிகாரி, பக்கத்தில் மலாய் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார்கள்.

"தூக்காங் ரொட்டி" என்றார் அப்பா. மலாயில் ரொட்டிக்காரன். அதிகாரி அதைத் தொழில் என்று எடுத்துக்கொண்டு அப்பாவைப் பேக்கரி வேலைக்கு எழுதிவிட்டார். அடுப்புப் பற்றவைக்கத் தெரியாத மனுஷர். அம்மாவுக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து மாமா. அதே கேள்வி. தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மாமா பொய் பேசாதவர். அது இங்கிலாந்தில் ஓர் ஊர் என்று, அப்பா சொல்லிக்கொடுத்தபடியே தெளிவாகச் சொன்னார். எங்கள் கண்முன்னே லாரியில் ஏற்றினார்கள். பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி என் அப்பா. எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம் உண்டு. மாமாமேலும் உண்டு.

சாயங்காலம் மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அவர் அங்க என்னதான் சொன்னவர், அண்ணை?"

அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்குக் கேக்கேல்லை, தங்கச்சி" என்றார்.