சாம்பல் பாலத்துக்குக் காவல்

எங்கள் தோட்டத்து லயத்து வரிசையில் கடைசி வீடு சுப்பனுடையது. என் கண்முன்னே வளர்ந்தவன். பெண்டாட்டி போனபிறகு தனி ஆள். ஒரே மகள் ரூபினியைக் கிள்ளானில் கட்டிக்கொடுத்திருக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, தீபாவளிக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருவதாகப் போனில் சொன்னாள். அன்றே சுவருக்குச் சாயம் வாங்கப் பிரிஞ்சாங் டவுனுக்குக் கிளம்பிவிட்டான்.

லயத்துக்கு வர ஓடையைத் தாண்டவேண்டும். பழைய பாலத்தில் ஈரம் இறங்கி, கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. புதுப் பாலம் போட வந்த கண்ட்ராக்டர் ஜெகதீஸ்வரன், சிமெண்டோடு சாம்பலும் கலந்தார். நிலக்கரி எரிக்கிற மின்சார ஆலையில் மிஞ்சுகிற சாம்பலாம்.

“பாலம் கட்டுறீங்களா, சட்டி கழுவுறீங்களா?” என்று கேட்டான் சுப்பன்.

அவர் சிரித்தார். இது மெதுவாகத்தான் இறுகும், நம் மலைக்குளிரில் இன்னும் மெதுவாக. இறுகிவிட்டால் தண்ணீருக்கு உள்ளே வழி விடாது, கம்பி கெடாது என்றார். அதுவரை மேலே போட்ட சாக்கு காயக்கூடாது. ஆள் நடக்கலாம், அடியில் தாங்கக் கொடுத்த முட்டுக்கட்டைகளை எடுக்கும்வரை வண்டி ஏறக்கூடாது. காவலுக்குச் சுப்பனை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சுப்பன் குறுக்கே கயிறு கட்டினான். சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தான். வீட்டில் பேச ஆளில்லாதவன், பாலத்தோடு பேசினான். “சீக்கிரம் இறுகித் தொலை, புள்ள வருது” என்று அதட்டியதை நானே கேட்டேன்.

தீபாவளி வந்தது, முட்டு எடுக்கவில்லை. காரும் வந்து நின்றது. மாமியாருக்கு முட்டிவலி, பாலத்திலிருந்து லயத்துக்குப் போகிற மேட்டில் நடந்து ஏற முடியாது. மருமகன் குகன் கயிற்றில் கை வைத்தான்.

“ஒரு தடவதானே மாமா, மெதுவா போயிடுறேன்லா.”

“இன்னும் இறுகல மாப்பிள்ள. இப்ப விரிஞ்சா பழையபடி தண்ணி இறங்கிடும். நாற்காலியில வச்சு அம்மாவ நாங்க தூக்கிட்டு வரோம்.”

காருக்குள்ளிருந்து சம்பந்தியம்மாள், “கயிறு கட்டித்தான் சம்பந்திய வரவேற்பாங்களா?” என்றாள்.

சுப்பன் கயிற்றை விடவில்லை. ரூபினி இறங்கி வந்து முறுக்கு டின்னையும் வேட்டியையும் அப்பன் கையில் கொடுத்தாள். “வரேன்பா” என்றாள். கார் பின்வாங்கித் திரும்பிப் போய்விட்டது. சுப்பன் சாக்கை நனைக்க வாளியை எடுத்தான்.

அன்று ஒரு நாள் கயிற்றை அவிழ்த்திருந்தால் என்ன என்று இன்றும் கேட்கிறார்கள். அவன் செய்ததுதான் சரி. என்னிடம் யாரும் மாற்றிப் பேசவேண்டாம். முட்டெடுத்து வெகுகாலமாயிற்று. காய்கறி லோரிகள் போகின்றன, மயிரிழை விரிசல் கிடையாது. குகனுடைய கார் மட்டும் அதில் ஏறவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் சுப்பன் வாசலுக்கு வருகிறான். பார்த்துவிட்டு உள்ளே போகிறான்.