ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பெயர்

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போகிறவன் நான். முரசுமோட்டையில் வயல் செய்கிறேன், பிள்ளையாரைக் கும்பிடுகிறேன், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் நம்பாவிட்டாலும் குறை நினைக்கமாட்டேன்.

மாசியில் என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பழைய படங்களெல்லாம் இடம்பெயர்வில் தொலைந்தன. மகளின் கல்யாணத்தில் எடுத்தவை மட்டும் மகளின் கணினிக்குள் இருந்தன. சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்து வீடு கழுவியபோது என் தமையன் சாவீட்டுத் துடக்குப் போகட்டும் என்று எல்லாவற்றுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார், கணினிக்கும் சேர்த்துத்தான். அதோடு அது நின்றுவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, மாலை போட மனைவியின் படம் ஒன்றும் இல்லை.

நானும் மகளும் கொண்டுபோக, நெளுக்குளத்தில் கணினி திருத்துகிற கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் பொருத்தி வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணை, விண்டோஸ் மட்டுமில்லை, லினக்ஸிலை போட்டும் பாத்திட்டன். டிஸ்க் இருக்கெண்டு காட்டுது, உள்ளுக்கு ஒரு பிரிவும் இல்லை எண்டுது. வளவு இருக்கு, வேலியைக் காணேல்லை எண்ட மாதிரி."

நான் கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

"அதுக்குத் திருநீறையும் பூசி விடுங்கோவன் அப்பா," என்றாள் மகள், அழுகையும் சிரிப்புமாக.

"ஐயோ பிள்ளை, தண்ணி தெளிச்சதே போதும்!" என்றார் கடைக்காரர். சொல்லிக்கொண்டே மறுபடி தேடவிட்டவர் நிமிர்ந்தார்.

"வந்திட்டுது அண்ணை! ஒரு பிரிவு காட்டுது. அதுக்குப் பேரும் வைச்சிருக்கிறியள். நிலானி. ஆர் அது?"

"எங்கட வீட்டிலை அப்பிடி ஒருத்தரும் இல்லையே. நான் பேர் ஒண்டும் வைக்கேல்லை," என்றாள் மகள்.

இவளுக்கு முன்னே எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது, சண்டைக் காலம், தறப்பாள் கொட்டிலுக்குள். பேர் வைக்கிற முப்பத்தோராம் நாளுக்கு முன்பே குளக்கட்டருகில் புதைத்தோம். வைக்க இருந்த இந்தப் பேர் எனக்கும் என் மனைவிக்கும் மட்டுந்தான் தெரியும், பிறகு நாங்களே அதை வாயால் சொன்னதில்லை. மனைவிக்குக் கணினியைத் தொடவும் தெரியாது.

படங்களை எடுத்து முடித்துக் கடைக்காரர் மறுபடி பார்த்தபோது அந்தப் பிரிவுக்குப் பேரே இல்லை. "நாங்கள் மூண்டு பேரும் கண்டதுதானே," என்று தலையைச் சொறிந்தார்.

அந்தியேட்டி குறையில்லாமல் நடந்தது. மகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இப்போது பிள்ளை வயிற்றோடு இருக்கிறாள். போன வெள்ளி கோயிலால் வரும்போது கேட்டாள்:

"அப்பா, பொம்பிளைப் பிள்ளை எண்டால் நிலானி எண்டு வைப்பமே? அண்டைக்குக் கடையிலை கேட்டதிலிருந்து என்ரை வாயிலை அந்தப் பேர்தான் வருது."