காப்புக் கட்டிய மறுநாள் வந்த போன்

போன ஆவணியில் எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. தீட்டு நின்று நாலு வருஷம் ஆனவள் நான். உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தேன். ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எங்கள் பூத்தோட்டம். செவ்வந்தி பறிக்கிற நாளில் சேலைக்குள் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு பறிப்பேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கம். அந்த வெட்கம்தான் என்னைக் கொல்லப் பார்த்தது.

கார்த்திகையில் தோட்டத்திலேயே மயங்கி விழுந்தேன். அதற்குப் பிறகுதான் திண்டுக்கல்லுக்குக் கொண்டு போனார்கள். சதை எடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், ஆபரேஷன் கட்டம் தாண்டிவிட்டது, கரண்ட் வைத்தால்தான் உண்டு என்றார்கள். கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதற்கு அனுப்பிய ஆஸ்பத்திரி வெளியூரில். அங்கே எனக்கு முன்னால் அம்புட்டுப் பேர் காத்திருந்தார்கள். "போன் வரும், வந்ததும் கிளம்பி வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள்.

மார்கழி போனது. தை போனது. என்மேல் அடிக்கிற வாடை என் மூக்குக்கே தெரிந்தது. ரத்தம் போகிறவள் கோயிலுக்குள் போக முடியுமா? கோயில் தெரிகிற தெருமுனையில் நின்று, "ஆத்தா, ஒரே ஒரு போன் வர வையி" என்று கும்பிடுவேன்.

மாசியில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். எனக்காகத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு வீட்டுக்காரரும் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவர் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மறுநாள் காலையில் போன் வந்தது. நாளைக்கே வந்து சேரணும், துணைக்கு ஒரு ஆள் தங்கணும் என்றார் நர்ஸம்மா. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"திருவிழா முடியட்டும்மா. எட்டு நாள் கழிச்சு வாரேன்."

"அது வரைக்கும் உங்க இடம் இருக்காதும்மா."

"என்ன செய்ய, சாமி காரியமாச்சே."

வைத்துவிட்டேன். மூணு மாசமாக எதைக் கேட்டு அழுதேனோ, அதை என் வாயாலேயே வேண்டாம் என்ற மகராசி நான். அப்புறம்தான் உறைத்து, தெருமுனைக்கு ஓடினேன். மண்ணில் உட்கார்ந்து அழுதேன். "எனக்குப் புத்தியில்ல ஆத்தா. இன்னொரு தடவ வழி விடு."

திருவிழாவுக்கு நத்தத்திலிருந்து வந்த என் நாத்தனார் அப்போதுதான் பஸ் இறங்கி நடந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே.

"ஏன் மதினி, காப்புக் கட்டுனது எங்கண்ணன். ஒங்கையில என்ன கட்டியிருக்கு? எங்க ஊருல இன்னும் காப்பே கட்டல, நான் வந்து தங்குறேன். போனக் குடு."

அவளே அந்த நம்பருக்குப் பேசினாள். "மனசு கேக்கலம்மா. சாயங்காலம் வரைக்கும் பாப்போம்னு அவுங்க பேரை அடிக்காம வச்சிருக்கேன்" என்றார் நர்ஸம்மா. முகம் தெரியாத அந்த அம்மா வாயிலிருந்து என் ஆத்தாதான் பேசினாள். அதை யார் மறுத்தாலும் நான் கேட்க மாட்டேன்.

அஞ்சு வாரம் கரண்ட் வைத்தார்கள். தோல் கருகியது. வயிறு நிற்காமல் போனது. சாவே மேல் என்றிருந்த நாட்கள் நிறைய. பக்கத்துக் கட்டிலில் கீரனூர்க்காரப் பெண், என்னைவிட இளையவள். "ஏனுங்க அக்கா, உங்க சாமிகிட்ட எனக்கும் சேத்துச் சொல்லுங்க" என்பாள். சொன்னேன். தினமும் சொன்னேன். நோய் முற்றிவிட்டது, இனி கரண்ட் தாங்காது என்று அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சித்திரையில் இறந்துபோனாள். என் குரல் கேட்ட காதுக்கு அவள் குரல் ஏன் கேட்கவில்லை என்று ஆத்தாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

எனக்கு ரத்தம் நின்றிருக்கிறது. நோய் போய்விட்டது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. பயம் போகவில்லை. ஆனால் இன்றைக்கு எழுந்து பூப்பறிக்கிறேன், இது ஆத்தா கொடுத்த நாள். வாயைத் திறக்காத நான் இப்போது பூ மார்க்கெட்டில் பார்க்கிற பெண்களிடமெல்லாம் இந்த நோயைப் பற்றிப் பெயர் சொல்லியே பேசுகிறேன்.

அவளை நம்புங்கள், தாய்மார்களே. நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் பஸ்ஸில் ஏறுங்கள். வேண்டுதலைப் போகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம், அவள் கேட்பாள்.