ஊத்தை வியாழன்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நடந்ததும் பாதி மறந்துபோகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வன்னியில் சண்டை முடிந்த அடுத்த ஆண்டு. சுவிஸில், லுசேர்னுக்குப் பக்கத்து எம்மன்புரூக்கேயில் எங்கள் மேல்வீட்டுப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. அவளுடைய நாலு வயது மகளைப் பகலில் நான்தான் பார்ப்பேன். மாசியில் லுசேர்ன் நகரத்தில் ஃபாஸ்நாக்ட், வேஷம் போட்டு ஊர்வலம் போகிற திருவிழா. முதல் நாளை 'ஷ்முட்சிக்' வியாழன் என்பார்கள். கட்டடம் கூட்டித் துடைத்தே ஜெர்மன் பாஷையான டொச் பழகியவள் நான். ஷ்முட்சிக் என்றால் எனக்கு ஊத்தை, அழுக்கு. அந்த ஊர்ப் பேச்சில் அதற்குக் கொழுப்பு என்று பொருளென்பது பிறகுதான் தெரியும்.

பிள்ளைக்குக் கோமாளி உடுப்பு, முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு. இத்தனை சனம் பார்க்கப்போகுதே என்று கன்னத்தில் மையால் பெரிய பொட்டொன்று வைத்தேன்.

"கோமாளிக்கும் கண்ணூறு படுமோ அன்ரி?" என்று தாய் சிரித்தாள். வேலைக்கு இறங்கும்போது, "சனத்துக்குள்ள கையை மட்டும் விட்டிடாதேங்கோ" என்றாள்.

"ஓம், விடமாட்டன்."

விட்டேன். லுசேர்ன் தெருவில் மேளமும் ஊதுகுழலுமாக ஒரு கூட்டம் வந்தது. மரமுகமூடி போட்ட ஒருவர் என் சட்டைக் கழுத்துக்குள் கடதாசித் துண்டுகளைத் திணித்தார். உதறக் கையைத் தூக்கினேன், அவ்வளவுதான். பிள்ளையைக் காணவில்லை. பார்த்த பக்கமெல்லாம் வெள்ளை முகக் கோமாளிகள்.

பஸ்ஸில் இடம் கேட்கவே கூச்சப்படுகிற நான் அந்த முகமூடிக்காரரின் சட்டையைப் பிடித்தேன். "பிள்ளை, கோமாளி" என்று எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன்.

"எந்தக் கோமாளி? ஊர் முழுக்கக் கோமாளிதானே" என்று சிரித்தபடி முகமூடியைத் தூக்கினார். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது. கன்னத்தைத் தொட்டு, "கறுப்பு" என்றேன். அவர் தன் ஆட்களுக்குச் சொன்னார். ஊதுகிறவர்களும் அடிக்கிறவர்களும் பிள்ளைகளின் கன்னங்களைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். பொட்டோடு ஒரு பிள்ளையும் இல்லை. என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரே தெருவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வாய்விட்டுக் கத்தினேன். அந்த நாட்டில் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். "பிள்ளை, ஆச்சி இஞ்ச நிக்கிறன்."

"ஏன் கத்துறீங்கள் ஆச்சி?"

நான் இரண்டு தரம் கடந்துபோன சொசேஜ் கடையடியில்தான் நின்றாள். ஒரு சுவிஸ்காரி அவளுடைய நாடியை நிமிர்த்திப் பிடித்து, ஈரக் கடதாசியால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஷ்முட்சிக்" என்று கறுத்த கடதாசியை எனக்குக் காட்டினாள், செய்த வேலையைக் காட்டுகிற மாதிரி. நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல.

பின்னேரம் வீட்டில் தாய், "பொட்டு எங்கயடி?" என்று கேட்டாள்.

"ஒரு அன்ரி துடைச்சவ. ஊத்தையாம்."

"அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள்?" என்று என் பக்கம் திரும்பினாள்.

"பக்கத்திலதான்."

பிள்ளை என்னை ஒருக்கால் பார்த்தாள். தாய் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். இருந்து குடிக்க முடியாமல் நின்றபடியே குடித்தேன்.

அந்தப் பிள்ளை இப்போது வேலைக்குப் போகிறாள். மாசி வந்தால் எனக்கு இன்றைக்கும் இருப்புக்கொள்வதில்லை. பொட்டு வைத்தது இடது கன்னமா வலதா, அவள் எவ்வளவு நேரம் தனியே நின்றாள் என்பதெல்லாம் யாராவது அவளிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். தாயிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.